ஒரு சொட்டும் வெளியே போகாத வளாகம்

எங்கள் ஆபீசில் டீ குடிக்கக்கூடச் சட்டம் உண்டு. காகிதக் கப் கூடாது, பிளாஸ்டிக் கப் கூடவே கூடாது. எவர்சில்வர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும், அவரவரே கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரைச் செடி வாளியில் ஊற்ற வேண்டும். பிஸ்கட் வாங்கினால் அதன் உறையை வீட்டுக்கே எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் எங்கள் வளாகத்தில் பிளாஸ்டிக் குப்பை என்ற ஒன்றே கிடையாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் ஆம்பூரில் ஏசி இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் பூமியைக் காப்பாற்றுவது என்றால், இந்த ஊர்க்காரர்கள் அதை எப்போதோ காப்பாற்றி முடித்திருப்பார்கள்.

என் பெயர் சுந்தரி. பாலாறு பசுமை மையத்தில் வளாக நிர்வாகி. விளக்கை அணைக்காமல் போனவரைத் திட்டுவது, ஈரக் குப்பையில் பேனா மூடியைப் போட்டவரைத் தேடிப் பிடிப்பது, பம்பு ரிப்பேர், பாத்ரூம் குழாய், தோட்டம், விருந்தினர் விடுதி எல்லாம் என் தலையில். குடியாத்தத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள், எனக்கு மெதுவாகப் பேச வராது. அதனாலேயே இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

கிண்டல் செய்கிறேனே தவிர, இந்தச் சட்டங்களில் பாதிக்கு மேல் எனக்குப் பிடித்தவைதான். என் வீட்டிலும் குப்பையைப் பிரித்துத்தான் போடுகிறேன். பிடிக்காதது ஒன்று உண்டு. எங்கள் வளாகத்துக்குள் தோல் வரக் கூடாது. செருப்பு, பெல்ட், பர்ஸ், கைப்பை எதுவானாலும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். ஊரோ ஆம்பூர். வீட்டுக்கு ஒருவர் தோலில் கை வைத்தால்தான் அடுப்பு எரியும். தண்ணீர் கெட்டுப் போச்சு என்று மனுவோடு வருகிற விவசாயி, செருப்பைக் கேட்டில் விட்டுவிட்டுக் கொதிக்கிற சிமெண்டில் குதித்துக் குதித்து வருவார். எங்கள் இயக்குநர் சம்பத் சார் துணி பெல்ட் போடுவார். அது இடுப்பில் நிற்காது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே கொள்கையை விளக்குவார்.

சம்பத் சாரைத் தப்பாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். பாலாற்றில் நுரை மிதந்த காலத்தில் ஒண்டியாளாக நின்று கேஸ் போட்டார், மிரட்டல் வந்தபோதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்காரவில்லை. தோல் பதனிடும் டேனரிகள் உப்புத் தண்ணீரை மண்ணில் விடக் கூடாது, தொட்டி கட்டி வெயிலில் காய வைத்து உப்பை அள்ள வேண்டும் என்று அவர் போராடி வாங்கிய உத்தரவை நானே பல கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. "இந்த வளாகத்திலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறுவதில்லை." வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கை கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகிறது, குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்தியில் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது, மழைத் தண்ணீர் பின்பக்கச் சுவரோரம் தோண்டிய ஆழமான குழி வழியாகப் பூமிக்குப் போகிறது. வளாகத்தின் பின்பாதி முழுக்கக் குறுங்காடு. புங்கன், நீர்மருது, இலுப்பை, நாவல் என்று நெருக்கி நெருக்கி நட்டது. ஒவ்வொரு கன்றுக்கும் நன்கொடை கொடுத்தவர் பெயர் தகட்டில் தொங்கும். சம்பத் சார் காலையில் வந்ததும் முதலில் அங்கேதான் போவார், இலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் ஆபீசுக்குள் நுழைவார்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்க விடுதி கட்டிய பிறகு தலைவலி தொடங்கியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, ஷவரின் கண்ணெல்லாம் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும், வெளியூர்க்காரர்கள் முடி கொட்டுகிறது என்று புகார் எழுதுவார்கள். அதற்காக சாஃப்ட்னர் என்று ஒரு மெஷின் வாங்கினார்கள். அது தண்ணீரின் கடினத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சி உறிஞ்சி அது களைத்துப் போனால், அதற்குள் உப்பைக் கரைத்து ஓட விட்டுக் கழுவ வேண்டும். டேனரிக்கு வரும் அதே கல் உப்பு, மூட்டை மூட்டையாக எங்கள் ஆபீசுக்கும் வந்து இறங்கியது. கழுவிய தண்ணீரை நாக்கில் வைக்க முடியாது. குறுங்காட்டில் விட்டால் மரம் செத்துவிடும், கேட்டுக்கு வெளியே சாக்கடையில் விட்டால் பலகை பொய்யாகிவிடும். மெஷினைப் பொருத்தியவர்கள் சம்பத் சாரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் குழாயைக் கொண்டுபோய் மழைக் குழிக்குள் விட்டுவிட்டார்கள். குழாய் மண்ணுக்குள் புதைந்து போனது. எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் வேதியியல் படித்தவர்.

பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்தின் நடுவில் ஒரு பொதுக் கிணறு. இந்தப் பக்கத்தில் தண்ணீர் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது அந்த ஒரு கிணற்றில்தான். பாலாறு நாசமான காலத்தில்கூட அது எப்படியோ தப்பித்துவிட்டது. சந்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான். நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்கு விசேஷம்.

பங்குனியில் ஒரு நாள் சகீனா குடத்தோடு கேட்டுக்கு வந்தாள். கிணற்றை ஒட்டிய வீடு அவளுடையது. ஷூ கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் துண்டுகளை வாங்கி வந்து, ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிறவள். புருஷன் சத்தார், ஜியாவுதீன் பாயின் டேனரியில் தோலை ஊற வைத்துச் சுழற்றும் டிரம்மை ஓட்டுகிறவன். சகீனாவை எனக்குச் சுவர் வழியாகத் தெரியும், எங்கள் முருங்கை அந்தப் பக்கம் சாய்ந்து காய்த்தால் பறித்துக்கொள் என்பேன், அவர்கள் வீட்டில் பிரியாணி என்றால் எனக்கு ஒரு டப்பா வரும்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது இதுதான். கொஞ்ச நாளாகப் பருப்பு வேகவில்லை, டீக்குப் பால் ஊற்றினால் திரிந்து போகிறது, சின்னப் பிள்ளைக்கு வயிற்றுப் போக்கு நிற்கவே இல்லை. டேனரித் தண்ணீர் கிணற்றுக்குள் வந்துவிட்டதோ என்று சந்தில் பேசிக்கொள்கிறார்கள்.

"நீங்க தண்ணிய பாக்குறவங்கதானேக்கா. இன்னா ஆச்சுன்னு பாத்து சொல்லுங்க. எங்களுக்கு வேற கெணறு இல்ல."

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் இறங்கவில்லை. உடனே களப் பொறுப்பாளர் கார்முகிலனைக் கூப்பிட்டேன். கார்முகிலன் முகத்தில் வந்ததே ஒரு வெளிச்சம், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் அந்தச் சமயத்தில் டேனரிக் கழிவுகள் பற்றி ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். புதிதாகக் கெட்ட கிணறு ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். கண்ணாடி பாட்டில்தான், பிளாஸ்டிக் இல்லை. சகீனாவைக் கிணற்றடியில் நிற்க வைத்து, குடத்தை இடுப்பில் வைக்கச் சொல்லி, கொஞ்சம் சோகமாகப் பாருங்கள் என்று சொல்லி, போட்டோ எடுத்தான்.

பரிசோதனை முடிவில் உப்பு கண்டபடி ஏறியிருந்தது. ஆனால் தோல் பதனிடுகிற குரோமியம் ஒரு துளிகூட இல்லை. குரோமியம் இல்லாமல் உப்பு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய காலத்து டேனரிக் குழிகளில் தங்கியிருந்த உப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு யோசிக்க நேரம் இல்லை, அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஒரே டேனரி ஜியாவுதீன் பாயுடையது, ஆகவே அறிக்கையில் அதன் பெயர் வந்தது. அட்டையில் சகீனா, இடுப்பில் குடம். வேலூரில் பெரிய ஹாலில் வெளியிட்டார்கள். அடுத்த நாள் பேப்பரிலும் அதே போட்டோ.

நான் ஜியாவுதீன் பாய்க்கு வக்காலத்து வாங்கவில்லை. பாலாற்றை டேனரிகள் என்ன பாடு படுத்தின என்று எனக்குத் தெரியும். அவர்கள் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். செய்யாததை அவர்கள் தலையில் கட்டினால், செய்ததற்கும் நாளைக்கு நம்மை எவன் நம்புவான்?

பேப்பரில் போட்டோ வந்த வாரமே சத்தாரை டேனரியில் நிறுத்திவிட்டார்கள். உன் சம்சாரம் எங்கள் மேல் பழி போடுகிறாள், நீ இங்கே சம்பளம் வாங்குவாயா என்று மேஸ்திரி கேட்டாராம். சகீனா மறுபடியும் கேட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை குடம் இல்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அந்தப் புத்தகத்திலிருந்து தன் போட்டோவை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

"நான் யாரையும் கொற சொல்லலயேக்கா. தண்ணிய பாருங்கன்னுதானே வந்தேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். உப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் உப்பு மூட்டை வண்டி கேட்டுக்குள் வந்தது. மூட்டைகளை இறக்கி அடுக்குவதை எத்தனையோ தடவை நின்று பார்த்தவள்தான், அன்றைக்குத்தான் அது என் மண்டையில் உறைத்தது. இத்தனை உப்பும் உள்ளே வருகிறது. ஒரு சொட்டும் வெளியே போவதில்லை என்று பலகை வைத்திருக்கிறோம். அப்படியானால் அது எங்கே போகிறது?

பிளம்பர் கோபியைக் கூப்பிட்டு, மெஷினைக் கழுவ விடச் சொல்லிவிட்டு, நான் மழைக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிற சித்திரை மாதம், மழை பெய்து எவ்வளவோ காலமாகிறது. குழிக்குள் தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. குழிக்கும் சந்துக் கிணற்றுக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர்தான். மண்ணுக்குள் அந்தச் சுவரும் இல்லை.

நேராக சம்பத் சார் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு சந்தேகம் இருந்திருக்கிறது. குரோமியம் இல்லை என்ற முடிவைப் பார்த்த அன்றே இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து பசுமை வளாகச் சான்றிதழுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றார். வளாகத்தை விட்டுத் தண்ணீர் வெளியே போகிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கும் முதல் விஷயம். தமிழ்நாட்டில் நம்மைப் போன்ற அமைப்பு எதுவும் அதை வாங்கியதில்லை. அது கிடைத்தால் டேனரிக்காரர்கள் முன்னால் நாம் நிமிர்ந்து நிற்கலாம் என்றார். டேனரிக்காரர்களைச் செய்யச் சொன்னோமே, தொட்டி கட்டிக் காய வைக்கச் சொல்லி, அதை நாமும் செய்தால் என்ன என்று கேட்டேன். அதற்கு வெயில் படுகிற அகலமான இடம் வேண்டும், அந்த இடத்தில் குறுங்காடு நிற்கிறது, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் தொங்குகிற மரங்களை எப்படி வெட்டுவது என்றார். சரி, மெஷினை நிறுத்துங்கள் என்றேன். விடுதியில் வருகிறவர்கள் குளிக்க வேண்டாமா என்றார்.

"அவங்க குளிக்கறதுக்கு சகீனா குடிக்காம இருக்கணுமா சார்?"

"உணர்ச்சிவசப்படாத சுந்தரி. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், நிதானமா பாத்துக்கலாம்."

அதுவரைக்குமாவது சந்துக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். கேன் பிளாஸ்டிக் ஆயிற்றே, நம் பெயரில் பிளாஸ்டிக் கேன் வாங்கிய பில் இருந்தால் சான்றிதழ்க்காரர்கள் கேட்பார்களே என்றார். எவர்சில்வர் டிரம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். அந்த அறையில் என்னை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நான் சிரித்தேன்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கார்முகிலனிடம் போனேன். அது கலெக்டர் மேசைக்கே போய்விட்டது அக்கா, இப்போது திரும்ப வாங்கினால் நாம் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பொய் என்பார்கள் என்றான். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி உண்மையைக் கவசமாகப் போட்டுக்கொண்டு சம்பத் சாரும் அவனும் நானும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். நான் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் கோபியிடம் மழைக் குழிக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டு, அதைக் குறுங்காட்டின் சொட்டுநீர்க் குழாயோடு சேர்த்துவிடச் சொன்னேன். கோபி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மரம் செத்துடும்க்கா. சார் கேட்டா இன்னா சொல்றது?"

"தண்ணி வெளிய போகல, உள்ளதான் இருக்குன்னு சொல்லு. நான் சொன்னேன்னும் சொல்லு."

மரங்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அந்தக் கன்றுகளில் பாதியை நட்டபோது குழி எடுத்தது நான்தான். கோடையில் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினேன். நாவல் கன்றின் தளிரைப் பார்த்தால் எனக்கும் மனசு குளிரும். ஆனால் இந்த உப்பு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். யார் வீட்டுக்குள் போனால் அவர்களுக்கு வலிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, கோபம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் நுனிகள் கருகின. அப்புறம் இலை ஓரம் பழுப்பாகிச் சுருண்டது. வெயில் கடுமை என்று எல்லோரும் சொன்னார்கள். சம்பத் சார் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூட விடச் சொன்னார், விட்டோம். புங்கனும் வேம்பும் தாக்குப் பிடித்தன, நாவலும் இலுப்பையும் மொத்தமாக இலை கொட்டின. சான்றிதழ்க்காரர்கள் வருவதற்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் சம்பத் சார் குறுங்காட்டுக்குள் போனவர் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஒரு நீர்மருதுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார்.

யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து கோபியைக் கூப்பிட்டார், மெஷினை இந்த நிமிஷமே நிறுத்து என்றார். கொத்தனாரைக் கூப்பிட்டார், மத்தியானத்துக்குள் ஆள் அனுப்பு, காய வைக்கும் தொட்டி கட்ட வேண்டும் என்றார். விடுதியில் வருகிறவர்கள் எப்படிக் குளிப்பார்கள் என்ற பேச்சே வரவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்ற பேச்சும் வரவில்லை. முடியாது முடியாது என்று ஒரு மாதமாகச் சொன்னதெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது.

"மரத்துக்கு அழுறீங்களே சார். சகீனா குடத்தோட வந்து நின்னப்ப உங்களுக்கு ஏன் அழுகை வரல? அவ பேர ஒரு தகட்டுல எழுதி மாட்டியிருந்தா வந்திருக்குமா?"

நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் அந்த மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டிலிருந்து நேராக சகீனா வீட்டுக்குப் போனேன். குழாயை அடைத்து ஒரு மாதம் ஆகியும் கிணற்றில் உப்பு குறைந்திருக்கவில்லை. உப்பு யாருடையது என்று அவளிடமும் சத்தாரிடமும் சொன்னேன். சத்தார் தலையில் கை வைத்துக்கொண்டான். சகீனா தைத்துக்கொண்டிருந்த தோல் துண்டைக் கீழே வைக்கவே இல்லை. ஊசி குத்தக் குத்த, இழுக்க இழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும், உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். சித்திரையில் என்றேன். இப்போது வைகாசி பாதி போய்விட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், சம்பத் சாரிடம் நான் கத்திய கத்தல் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. பாய் முன்னால் வந்து இதைச் சொல்வீர்களா என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மூவரும் ஜியாவுதீன் பாயின் டேனரிக்குப் போனோம். ஈரத் தோலின் வீச்சம் கேட்டிலேயே மூக்கைத் துளைத்தது. பாய் வயதானவர், வெள்ளைச் சட்டை, மேசையில் எங்கள் அறிக்கை கிடந்தது, சகீனாவின் முகம் மேலே. நான் நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கார்முகிலன் முகத்தில் பார்த்தேனே ஒரு வெளிச்சம், அதே வெளிச்சம் இங்கேயும் வந்தது.

சத்தாரை நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு போன் கொண்டு வரச் சொன்னார். இந்த அம்மா சொன்னதை அப்படியே பேப்பரில் போட வேண்டும், டேனரிகள் மேல் போட்ட கேஸ் எல்லாமே இப்படித்தான் என்று சங்கத்தில் காட்ட வேண்டும் என்றார். எல்லாமே இப்படி இல்லை பாய், இந்தக் கிணறு மட்டும்தான், ஆற்றுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கிளார்க் போனோடு வந்தான். சகீனாவைக் குடத்தோடு ஒரு போட்டோ எடுத்துவிடலாம், ஆபீசில் குடம் இருக்கிறதா பார் என்றார். ஒரு பையன் குடம் தேட ஓடினான்.

சகீனா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே பேசினாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"போட்டோ வேணாம். அவங்களுக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம். எங்க கெணறு போச்சு. யார் உப்பு போட்டாங்கன்னு தெரிஞ்சிடுச்சி, சந்தோஷம். இன்னிக்கி ராத்திரி எங்க சந்துல சோறாக்க தண்ணி இல்ல. அதுக்கு யாரு வர்றீங்க?"

ஜியாவுதீன் பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தண்ணீருக்காக இத்தனை வருஷம் கோர்ட்டு கோர்ட்டாகச் சண்டை போட்ட இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த அறையில் இருந்தோம். சகீனா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சத்தாரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.